இடப்பக்கப் பின்கதவு

ரிஸ்வானுடைய வாப்பாவின் காரை நான் தின்றுவிட்டேன்.

ஒரே நாளில் அல்ல. ஆணி ஆணியாக, நட்டு நட்டாக, இரண்டு வருடங்கள் தின்றேன். தின்று முடித்த பிறகு, என்னுடைய கார் ஒன்றுக்கு அதன் இலக்கத்தகட்டை மாட்டி, இதுதான் உங்கள் கார் என்று அந்தக் குடும்பத்திடம் கொடுத்தேன். அவர்கள் வீட்டு மணப்பெண்ணை அதில் ஏற்றிக்கொண்டு நானே ஓட்டிப் போனேன்... சிரித்துக்கொண்டு!

நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. இப்போது சுளித்து என்ன பயன்? சுளித்திருக்க வேண்டிய காலத்தில் நீங்கள் கைதட்டினீர்கள். அம்பிட்டியவில் எங்கள் வீட்டு முற்றத்தில் நான்கு பழைய கார்கள் வரிசையாக நின்ற படத்தை நான் போட்டபோது, சிவப்பு இதயங்களாக அனுப்பித் தள்ளியது யார்? ‘பழையதைக் காப்பாற்றும் பெரிய மனசு’ என்று எழுதியது யார்? காப்பாற்றினேனாம்! அந்த நான்கில் ஒன்றுகூட அப்போது தன் பலத்தில் எங்கள் வீட்டு ஏற்றத்தைத் தாண்டியதில்லை. அதை ஒருவராவது கேட்டீர்களா?

எனக்கு இருபத்தாறு வயது. கண்டி நகரத்தில் ஒரு தொலைபேசிக் கடையில் வேலை. அப்பாவும் அம்மாவும் ஹேவாஹெட்டப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து, சரிவான மண்ணை வெட்டிச் சமப்படுத்திக் கட்டிய வீடு எங்களுடையது. அப்பா வியர்வை சிந்திச் சமப்படுத்திய அந்தத் துண்டு நிலம் முழுவதையும் நான் ஓடாத கார்களால் நிரப்பினேன். அப்பா எதுவும் பேச மாட்டார். அம்மா பேசுவார்.

“ஏன்டா, ஒரு சேலை காயப்போட எடமில்ல. மூணும் மூணு மூலையில குந்திக்கிட்டு இருக்கு. ஒன்னாவது எந்திரிச்சு நடக்குதா?”

“ஒரேயொரு பார்ட்தாம்மா வரணும்.”

“எந்த வண்டிக்கு?”

எந்த வண்டிக்கு என்று எனக்கே சட்டென்று ஞாபகம் வரவில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். அந்தக் கேள்வியிலேயே நான் திருந்தியிருக்கலாம். திருந்தினேனா? அடுத்த மாதம் மஞ்சள் நிறத்தில் இன்னொன்றைப் பார்க்க மாத்தளைக்குப் போனேன்!

இந்த நோயை உங்களுக்கு எப்படி விளக்குவது... முதல் கார் கஷ்டம் கொடுத்தால் இரண்டாவதை வாங்குவேன். இரண்டாவது அலுத்தால் மூன்றாவது. எனக்கு ஆரம்பம் மட்டுமே பிடிக்கும். துருப்பிடித்த மூடியைத் திறந்து, கையெல்லாம் கிறீஸ் பூசி, எல்லாவற்றையும் பிரித்துப் பரப்பும் முதல் வாரம் இருக்கிறதே, அது போதை. கழற்றுவது இன்பம், மாட்டுவது வேலை. நான் வேலைக்கு ஆளில்லை. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று.

பார்ட்ஸ் கிடைக்கவில்லை, இறக்குமதி நின்றுவிட்டது, விலை ஏறிவிட்டது... நாடே சொன்ன சாக்கை நானும் சொன்னேன். கிடைக்காததை ஒரு காரில் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டினேன். பச்சைக்கு மஞ்சளின் ரேடியேட்டர். மஞ்சளுக்கு வேறொன்றின் காபரேட்டர். ‘இரவல்’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். என்னுடையதிலிருந்து என்னுடையதற்கு எடுத்தவரை அது கிறுக்குத்தனம், அவ்வளவுதான். அதன் பிறகு வந்ததற்குப் பெயர் வேறு.

ரிஸ்வான் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். அலவத்துகொடக்காரன். அவனுடைய வாப்பா காலமான பிறகு கட்டாருக்கு இரண்டு வருட வேலை கிடைத்தது. போவதற்கு முன் வாப்பாவின் காரை என்னிடம் கொண்டுவந்தான். பால் வெள்ளை நிறம். என்னிடம் அதே வகையில், அதே வெள்ளையில் கார் ஒன்று ஏற்கெனவே பாதி உடம்போடு நின்றது. அதனால்தான் என்னிடம் வந்தான். இவனுக்கு இந்தக் காரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நம்பினான்.

கவனியுங்கள், அது ஓடி வந்த கார்! அலவத்துகொடவிலிருந்து அம்பிட்டிய வரை, எங்கள் வீட்டு ஏற்றம் உட்பட, அவனே ஓட்டிக்கொண்டு வந்தான். கொஞ்சம் புகை தள்ளியது. அதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

“தங்கச்சிட கலியாணம் நான் வந்த பொறகுதான் மச்சான். இந்தக் கார்லதான் நீ கலியாண ஹோலுக்குப் போகணும்னு வாப்பா அவளுக்குச் சொல்லி வச்சிருந்தாரு. பெயின்ட் அடி, பொகைய நிப்பாட்டு, மத்ததெல்லாம் ஒன்ட இஷ்டம். இந்த இடப்பக்கம் பின்கதவ மட்டும் தொடாத.”

“ஏன்?”

“உள்ளுக்கால தொறக்காது, வெளியால மட்டும்தான். உம்மா இருக்கிற பக்கம். எங்க நிப்பாட்டினாலும் வாப்பா எறங்கிச் சுத்தி வந்து தொறந்து உடுவாரு. திருத்தச் சொன்னா சிரிப்பாரு. ஒரு நாளும் திருத்தல்ல.”

நான் தலையாட்டினேன். எவ்வளவு அழகாகத் தலையாட்டினேன்! ஆனால் அன்று என் தலைக்குள் நான்கு கார்களின் நோய்கள் கிடந்தன. ஐந்தாவதில் ஒரு பழுது பழுதே அல்ல என்பது, அவன் விமானம் ஏறுவதற்குள் எனக்கு மறந்துபோயிற்று.

முதலில் காபரேட்டர். பழைய கார்க்காரர்கள் கூடும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு என் வெள்ளைக் காரைக் கொண்டுபோக ஆசை. ஒரு நாளைக்குத்தானே என்று கழற்றினேன். திருப்பி மாட்டவில்லை. பிறகு பிரேக். பிறகு கியர் பெட்டி. பிறகு இருக்கைகள், முன் கண்ணாடி... கண்ணாடி இல்லாத காருக்குள் மழை இறங்கியது. கண்டி மழையை உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? தறப்பாள் போட்டேன், காற்று தூக்கியது, மீண்டும் போடச் சோம்பல். ஒருநாள் உள்ளே காலை வைத்தேன். தரைத்தகடு பிஸ்கட்டாக நொறுங்கி என் கால் மண்ணில் போய் நின்றது.

அன்று மாலைதான் ரிஸ்வான் செய்தி அனுப்பினான். “ஒரு போட்டோ அனுப்பு மச்சான்.”

அனுப்பினேன். என்னுடைய வெள்ளைக் காரின் படத்தை.

அவன் குரல் பதிவு ஒன்று அனுப்பினான். “உம்மாக்கும் அனுப்பினேன். அழுறாங்க மச்சான். சந்தோஷத்துல.”

ஏன் அப்போதே உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? கேட்பது சுகம்! ஒரு தாய் அழுதுவிட்டார். அந்த அழுகைக்கு மேல் ஏறி நின்று, அது உங்கள் காரில்லை என்று சொல்ல எனக்கு நெஞ்சுரம் இல்லை. ஆனால் என் காருக்கு அவர்களுடைய இலக்கத்தகட்டை மாட்ட மட்டும் நெஞ்சுரம் இருந்தது! என் நான்கு கார்களில் நான் முழுதாக முடித்த ஒரே கார் அதுதான். திருட்டை மறைக்க வேண்டும் என்றால் நான் வேலை செய்கிறேன். நல்ல வேலைக்காரன்!

கல்யாணத்துக்குச் சில நாட்கள் முன்பு ரிஸ்வான் வந்தான். காரைச் சுற்றிச் சுற்றி வந்தான், பொனட்டைத் தடவினான், என்னைக் கட்டிப்பிடித்தான். எனக்கு அவன்மேல் ஆத்திரம் வந்தது. சொந்த வாப்பாவின் காரைத் தெரியாதா உனக்கு? புதுப் பெயின்ட், புது இருக்கை உறை என்றால் எல்லாவற்றையும் நம்பிவிடுவாயா? கண்டுபிடிடா, என்னை அறைந்துவிட்டுப் போடா என்று உள்ளுக்குள் கத்தினேன். அவன் கண்டுபிடிக்கவில்லை.

கல்யாண மண்டபம் கட்டுகஸ்தோட்டையில். நான் ஓட்டினேன். ரிஸ்வான் என் பக்கத்தில். பின்னால் வலப்பக்கம் மணப்பெண், இடப்பக்கம் உம்மா. அக்குறணை நெரிசலில் ஊர்ந்து, வழியெல்லாம் ஆட்கள் திரும்பிப் பார்க்க, கார் சத்தமில்லாமல் ஓடியது. மண்டப வாசலில் நிறுத்தினேன். எல்லோரும் காத்து நின்றார்கள்.

உம்மா அசையவில்லை. மடியில் கைகளை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ரிஸ்வான் இறங்கினான். வாப்பா செய்ததை இன்று மகன் செய்ய வேண்டும் என்ற கம்பீரத்தோடு, தேவையே இல்லாமல், வாப்பாவைப் போலக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். அவசரக்காரத் தங்கை உம்மாவின் குறுக்காகக் கையை நீட்டி, கைப்பிடியை இழுத்துவிட்டாள்.

கதவு திறந்துகொண்டது.

நீட்டிய கையோடு ரிஸ்வான் வெளியே நின்றான். அப்போதுதான், அந்த வினாடியில்தான், அவன் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது.

“தொடாதன்னு சொன்னேனே மச்சான்!”

“ஐயோ... கராஜ் பாஸ் தெரியாம சரி பண்ணிட்டாருடா.”

இல்லாத ஒரு மெக்கானிக்மேல் பழியைப் போட எனக்கு ஒரு மூச்சு நேரம்கூடத் தேவைப்படவில்லை. ரிஸ்வானின் முகம் விழுந்துவிட்டது. உம்மா தன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கினார்.

“உடுங்க மகன், நல்ல நாளையில... திருத்தினது பிழையா?”

உள்ளே சஹனில் சோறு வந்தது. ஒரே தட்டத்தைச் சுற்றி நாங்கள் ஆறு பேர். ரிஸ்வான் கோபத்தை மறந்து, நல்ல இறைச்சித் துண்டுகளைப் பொறுக்கி என் பக்கம் தள்ளினான். தொண்டையில் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். அது பொய். நன்றாக இறங்கியது. வயிறு நிறையச் சாப்பிட்டேன்!

கை கழுவப் போன இடத்தில் உம்மா தனியாக நின்றார். என்னைப் பார்த்ததும் புன்னகைத்தார்.

“நல்ல கார் மகன். சத்தமே இல்ல.” கையைத் துடைத்துக்கொண்டார். “எங்கட கார் எங்க?”

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. சொல்லியிருக்கலாம். கூட்டமில்லை, சத்தமில்லை, அவரும் கோபமாகக் கேட்கவில்லை. கடைக்குப் போய்வந்த பிள்ளையிடம் மிச்சப் பொருளைக் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

“இதுதான் உம்மா,” என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

“சரி மகன். வட்டிலாப்பம் சாப்பிட்டீங்களா?”

இதுதான்... இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை! ஏன் திட்டவில்லை? ஏன் மகனைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை? தெரிந்தும் பேசாமலிருக்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது? கல்யாண நாள் கெட்டுவிடக் கூடாது என்று நினைத்தாரா, எங்கள் நட்பு முறிந்துவிடும் என்று நினைத்தாரா, அல்லது இவனிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று கைகழுவினாரா? எனக்குத் தெரியாது. ஒரு வசவாவது கொடுத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். வட்டிலாப்பத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அவர்களுடைய கார் இன்னும் எங்கள் முற்றத்தில்தான் கிடக்கிறது. நீலத் தறப்பாளுக்குக் கீழே வெறும் கூடு. எஞ்சின் இல்லை, தரை இல்லை, மூன்று கதவுகள் இல்லை. இடப்பக்கப் பின்கதவு மட்டும் இருக்கிறது. பூட்டு, கைப்பிடி எல்லாம் வாப்பா விட்டுப்போன மாதிரியே. தொடாதே என்று அவன் சொன்ன அந்த ஒன்றை மட்டும் நான் தொடவில்லை... மறந்துபோனதால்! அதைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். கொடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும். ரிஸ்வான் மறுபடி கட்டாரில் இருக்கிறான். வெள்ளிக்கிழமைகளில் அழைத்து நன்றி சொல்கிறான். நானும் பரவாயில்லை மச்சான் என்கிறேன்.

இந்த முறை நோன்பு திறக்க என்னை வீட்டுக்கு அழைத்தார்கள். போனேன். வாசலில் நிற்கும்போது வெள்ளைக் கார் வந்து நின்றது. ரிஸ்வானின் மைத்துனர் ஓட்டி வந்திருந்தார். நோன்பு திறக்க நேரம் நெருங்கிவிட்டதால் கஞ்சி வாளியைத் தூக்கிக்கொண்டு அவசரமாக உள்ளே ஓடினார். ஓடும்போதே என்னிடம் சொன்னார்.

“உம்மாக்குக் கதவத் தொறந்து உடுங்க. அவங்க உள்ளுக்கால தொறக்கவே மாட்டாங்க, பழக்கம்.”

உம்மா பின்னிருக்கையில் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். மடியில் கைகள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்தக் கதவு உள்ளிருந்து திறக்கும். அது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

அவர் கைப்பிடியைத் தொடவில்லை. காத்திருந்தார்.

நான் சுற்றிப் போய்க் கதவைத் திறந்தேன். அவர் மெதுவாக இறங்கினார். “வாங்க மகன், பாங்கு சொல்லப் போறாங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பாங்கு கேட்டு முடியும்வரை, திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.