ஒன்பது புங்கங்கன்றுகள்

எங்கள் முந்திரிக் கொல்லையை நிலக்கரி மைன்ஸுக்கு எடுத்துக்கொள்ளப் போவதாக நோட்டீஸ் வந்தபோது, வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். அந்த ஒரு வேலை அண்ணனுக்குப் போனது. பெண்ணென்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டைதான் வந்திருக்கும். எழுபதுகளின் கடைசி அது. பத்தாவது பாஸ் செய்துவிட்டு முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். கொட்டையின் பால் பட்டுப் பட்டுக் கைத்தோல் உரிந்து கிடக்கும். வாய் மட்டும் நல்ல திடமாக இருக்கும்.

ஒருநாள் அண்ணன் ஷிப்டு முடிந்து வந்து சொன்னான். சுரங்கத்திலிருந்து எடுத்துக் கொட்டிய மண்மேட்டில் மரம் வளர்க்க ஆள் பழக்கப் போகிறார்களாம். ஒரு வருஷம் பயிற்சி, மாதாமாதம் ஸ்டைபண்டு, தேறினால் டவுன்ஷிப் நர்சரியில் வேலை.

"செடிக்குத் தண்ணி ஊத்துறதுக்குச் சம்பளமா? எவனோ உங்கிட்ட நல்லா கத விட்டுக்கினு கீறான்" என்று அம்மா சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சோப்பு வாங்கவும் அண்ணன் முகத்தைப் பார்த்து நிற்கிற பிழைப்பு எனக்கு வெறுத்துப் போயிருந்தது. அந்த ஸ்டைபண்டு எனக்கு வேண்டும். மறுநாளே போய் மனு எழுதிக் கொடுத்தேன்.

இருபது பேர் வந்திருந்தோம். இடம் ஐந்து. ஆளுக்கு ஐம்பது பிளாஸ்டிக் பையும் ஐம்பது புங்கவிதையும் கொடுத்தார்கள். மண் அவரவர் பாடு. இரண்டு மாதம் கழித்து நாற்பது கன்றாவது உயிரோடு காட்டினால்தான் இடம். கொடுத்த சார் காலேஜ் முடித்து வந்த புதுசு, கோயம்புத்தூர்ப் பக்கம், அண்ணன் வயசுதான் இருக்கும். என்னை "நீங்க" என்றார். அதுவரை என்னை எவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, திரும்பிப் பின்னால் பார்த்தேன்.

பிறகு எங்களை மேட்டுக்குக் கூட்டிப் போனார். அம்மாடி! பனைமேல் பனை நிறுத்தினாலும் எட்டாத ஆழத்திலிருந்து வந்த மண், பெல்ட்டில் ஓடிவந்து கண்ணெதிரே கொட்டிக்கொண்டே இருந்தது. வெள்ளை, மஞ்சள், ஊதா. ஒரு புல் இல்லை, ஒரு எறும்பு இல்லை. குனிந்து ஒரு கை அள்ளினேன். இதுவரை வெயிலே படாத மண், மனுஷக் கையே தொடாத மண் என்று நினைத்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அந்தச் சிலிர்ப்புதான் என்னைக் கெடுத்தது. எங்கள் பக்கத்தில் கோடையில் ஏரி வண்டலை வெட்டிக் கொல்லைக்கு அடிப்போம், பயிர் தூக்கிக்கொண்டு வரும். ஏரிக்கு அடியில் இருக்கிற மண்ணுக்கே இத்தனை சத்து என்றால், பூமிக்கே அடியில் கிடந்த மண்ணுக்கு எவ்வளவு இருக்கும்? அண்ணனிடம் கெஞ்சி, சைக்கிளில் இரண்டு மூட்டை கொண்டுவரச் செய்தேன். மற்றவர்கள் எருவும் தோட்டத்து மண்ணும் கலந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். பாவம், விவரம் இல்லாதவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் மண் பற்றவில்லை. ஒன்பது பைக்கு மட்டும் எங்கள் கொல்லை மண்ணைப் பாதிக்குப் பாதி கலந்தேன். கலப்படம் செய்துவிட்ட வெட்கத்தில் அந்த ஒன்பதையும் பின்வரிசையில் ஒளித்து வைத்தேன்.

எல்லாம் முளைத்தன. ஒரு மாதம் வரை ராணி மாதிரி திரிந்தேன். அப்புறம் முன்வரிசை வெளுத்தது, மஞ்சளானது, ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தது. தண்ணீர் ஊற்றினேன், நிழலில் வைத்தேன், திட்டிக்கூடப் பார்த்தேன். இரண்டு மாத முடிவில் நாற்பத்தொன்று போய்விட்டது; பின்வரிசையில் ஒளித்த ஒன்பதுதான் மிச்சம்.

போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். "பையாவது திருப்பிக் குடுத்துட்டு வா" என்று அம்மா விரட்டினாள். நர்சரியில் மற்றவர்களின் கன்றுகள் முழங்கால் உயரம் தளதளவென்று நின்றன. என் ஒன்பதைப் பார்த்து ஒருத்தன், "இன்னா, சாமிக்கு நேர்ந்துகினியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

சார் சிரிக்கவில்லை. "மத்ததெல்லாம் என்ன மண்ணுங்க?"

"மேட்டு மண்ணு சார். அது பத்தாம இதுல மட்டும் எங்க கொல்லை மண்ணக் கலந்துட்டேன்" என்றேன், குற்றம் செய்தவள்போல.

அவர் ஒரு பையைக் கிழித்து, வேரை வாளித் தண்ணீரில் அலசினார். வேரெல்லாம் கேழ்வரகு ஒட்டினாற்போலச் சின்னச் சின்ன முடிச்சு. பேண்ட் சேறானதைக்கூடக் கவனிக்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். "பாருங்க, இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுரு குடியிருக்குது. காத்துல இருக்கற சத்தைப் புடிச்சு மரத்துக்குக் குடுக்குது. கீழிருந்து வந்த மண்ணுல இதெல்லாம் இல்லீங்க."

எனக்கே அது புதுசு. பிறந்ததிலிருந்து மிதித்த மண், துப்பின மண், காலில் ஒட்டினால் வாசலிலேயே உதறிவிட்டு வந்த மண். அதற்குள் இப்படி ஒரு ஊரே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறது!

"அவளுக்கு ஒன்பதுதானே சார்?" என்றான் அதே ஆள்.

"உங்க கன்னெல்லாம் நாளைக்கு நிக்கப்போற எடம் அந்த மேடுதானுங்க. அந்த மண்ணுல வளத்துப் பாத்தது இவங்க மட்டும்தான்" என்று சொல்லி, என் பேரை முதலில் எழுதினார். எழுதிவிட்டு, அந்தக் கொல்லை எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"மைன்ஸுக்கு எடுத்தாச்சு சார். அடுத்து அதத்தான் வெட்டப் போறாங்களாம்."

"எப்பங்க?" என்று கேட்டுக்கொண்டே அவர் எழுந்தார்.

மிஷின் வருவதற்குள் அந்த மேல்மண்ணை வழித்து மேட்டுக்குக் கொண்டுபோவதுதான் பயிற்சியில் எங்களுக்கு முதல் வேலை. டிராக்டரோடு போய் இறங்கினோம். முந்திரி மரங்களை அதற்குள் வெட்டி எடுத்திருந்தார்கள். நோட்டீஸ் வந்த நாளிலிருந்து அந்தப் பக்கமே திரும்பாத அம்மா, எங்கள் பின்னாலேயே வந்து நின்றாள். பெற்ற பெண்ணே மண்ணை வாரிக்கொண்டு போகிறாளே என்று வையப் போகிறாள் என நினைத்தேன். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினாள்.

"ஒரு புடி வுடாம வழிச்சி எடுடி. அங்கியாவது போயி உசுரோட கெடக்கட்டும்."

முதல் கூடையை அவளே தூக்கி என் தலையில் வைத்தாள். இரண்டு கையாலும் கூடையைப் பிடித்திருந்ததால் என்னால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை.