பின்லாந்துக்குப் போன வயரிங் வீடியோ

தச்சநல்லூர்ப் பக்கம் ஒரு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தேன். பட்டறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. இரண்டாம் வருடம் அது மாறியது. பின்லாந்தில் ஒரு தொழிற்பள்ளியோடு எங்கள் பள்ளி கூட்டுச் சேர்ந்திருந்தது. இருவர் இருவராக, செய்த வேலையைப் போனில் படம்பிடித்து அனுப்ப வேண்டும். அங்கிருப்பவர்கள் பார்த்துக் கருத்து எழுதுவார்கள். அவர்கள் வேலையைப் பற்றி நாங்கள் எழுத வேண்டும். மொழியைச் செயலி மாற்றித் தரும்.

எனக்கு ஜோடியாக வந்தவர் மாஞ்சோலை அக்கா. வகுப்பில் எல்லோரையும்விட மூத்தவர்; பள்ளிக்கூடம் போகும் மகள் இருந்தாள். மாஞ்சோலை மலையில் தேயிலைத் தோட்ட வேலை நின்றபின், தோட்டத்து வீட்டையும் காலி செய்து குடும்பத்தோடு கீழே வந்து, இந்தப் படிப்பில் சேர்ந்திருந்தார். முகம் தெரியப் படமெடுக்கச் சம்மதிக்கவில்லை. கையை மட்டும் எடுத்தேன்.

முதல் வீடியோ மாடிப்படி விளக்கு வயரிங். அக்கா நேர்த்தியாக முடித்தார். சாரும் பார்த்துவிட்டுச் சரி என்றார். அனுப்பினோம்.

எங்களுக்கு இணையாக அங்கே இருந்தது ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணி. அவருடைய பதில் செயலியின் தமிழில் இப்படி வந்தது: “வேலை சுத்தம். ஆனால் வயரைத் தொடும் முன் மின்சாரம் இல்லை என்று நீங்கள் சோதிக்கவில்லை. தயவுசெய்து உயிருடன் இருங்கள்.”

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை; வீடியோவைத் திரும்ப ஓட்டச் சொன்னார். மெயினை அணைத்திருந்தோம். டெஸ்டர் வைத்துப் பார்க்கவில்லை.

“இங்கன பக்கத்துலயே நின்னோம், ஒருத்தரும் கவனிக்கல. அந்த அம்மா எங்கயோ இருந்து பாத்திருக்காவ,” என்றார். குரலில் இருந்தது கோபமா மதிப்பா என்று எனக்குப் புரியவில்லை.

அதன்பின் கருத்துகளில் வேறு பேச்சும் கலந்தது. முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்று அந்தப் பெண்மணி கேட்டிருந்தார். நான் எழுதத் தொடங்கினேன். அக்கா போனை வாங்கித் தன் முகத்துக்கு நேராகப் பிடித்து, தானே வீடியோ எடுத்தார்.

“தேயிலக் கொழுந்து பறிச்சேன். தோட்டத்த மூடிட்டாவ. எல்லாரும் கீழ எறங்கிட்டோம். இப்ப கரண்டு வேல படிக்கேன்.”

அவ்வளவுதான். பாடத்துக்கு வெளியே இருந்தாலும் சார் அதைத் தடுக்கவில்லை.

பதிலாக ஒரு வீடியோ வந்தது. பனி மூடிய ரோடு, பூட்டிய இரும்புக் கேட், பின்னால் நீளமான கட்டடம். தான் வேலை பார்த்த காகித ஆலை என்றும், அது மூடியபின்தான் படிக்க வந்ததாகவும் கீழே எழுதியிருந்தார். அக்கா நின்றபடியே முழுவதும் பார்த்தார்.

“வேல பாத்தவங்க வீட்டையும் காலி பண்ணச் சொன்னாவளான்னு கேளுட்டி.”

கேட்டேன். வீடுகள் அவரவர் சொந்தம், ஆனால் விற்றால் வாங்க ஆளில்லை என்று பதில் வந்தது.

“அவ்வோ வீடு அவ்வோகிட்டயே இருக்கு,” என்றார் அக்கா. அதை அனுப்பச் சொல்லவில்லை. நானும் அனுப்பவில்லை.

படிப்பு முடிந்ததும் செயலியில் எங்கள் கணக்கை மூடிவிட்டார்கள். போன் நம்பர் வாங்கிக்கொள்ள எங்களுக்குத் தோன்றவில்லை. அக்கா இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் கரண்டு வேலை பார்க்கிறார். நான் சோலார் பேனல் மாட்டும் குழுவோடு ஊர் ஊராகப் போகிறேன். சமீபத்தில் ஜங்ஷனில் அவரைப் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு வேலை கிடைத்திருக்குமா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவருடைய பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்.