வலது பக்க நட்டும் மகளின் வேலையும்

இன்று காலை காஜா பெராங் வீட்டு வாசலில், நாடு மெர்டேக்கா என்று சுதந்திரம் கொண்டாடிய காலத்து என் சின்னக் காருக்கு முன்சக்கரங்களைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் இரண்டையும் மாற்ற உட்கார்ந்தேன். ஒரு மாதமாகவே, வளைவில் திரும்பினால் முன்சக்கரத்தில் டக் டக்கென்று சத்தம்.

சக்கரத்தின் நடுவிலிருக்கும் பெரிய நட்டைக் கழற்றும்வரை சக்கரம் சுற்றாமலிருக்க ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மகள் கவிதாவை உட்கார வைத்தேன்.

இடது பக்கம் கழன்றது. வலது பக்கம் வந்ததும் அவள் காலை எடுத்துவிட்டாள்.

"ஏம்மா?"

"ஒரு வாரமா நான் பேச வந்தாலே கடைக்குப் போறேன், கோயிலுக்குப் போறேன்னு ஓடிடுறீங்க. இப்ப கேட்டாதான் மிதிப்பேன்."

கேட்டேன். சிங்கப்பூர் வேலைக்குச் சரி என்று சொல்லிவிட்டாளாம். அடுத்த மாதம் போகிறாள்.

"அங்க உனக்கு யாரு இருக்கா?"

"காலைல பஸ் ஏறினா சாயங்காலத்துக்குள்ள வந்துடலாம்பா."

முதுகு விட்டுப்போயிருந்தது. வாதாடத் தெம்பில்லை.

"சரி, போ. இப்ப மிதி."

மிதித்தாள். நட்டு கழன்றது.

மாலையில் செமாபோக் வரை இருவரும் ஓட்டிப் பார்த்தோம். காரில் சத்தமே இல்லை. பக்கத்தில் அவள்தான் அழுதுகொண்டு வந்தாள்.

"வேணாம்னு சொல்வீங்கன்னு நெனச்சேன்பா," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க," என்றாள்.

அவள் அம்மா இப்போது சமையலறையில் இருக்கிறாள். நல்லவேளை, ஃபேஸ்புக் பார்ப்பதில்லை.

எனக்கு இன்றைக்கு இதற்குமேல் முடியாது. உங்களில் யாராவது வந்து சொல்லுங்களேன். அவள் சமையலைச் சாப்பிட்டு முடித்த பிறகு சொல்வது உங்களுக்கு நல்லது.