இனிக்கும் சுவர்

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள். பேய், ஜின், காத்துக் கருப்பு எதையும் நம்புகிற ஆள் இல்லை நான். பாதி ஆயுசைச் சவூதியில் பைப் பிட்டராகக் கழித்தவன், தண்ணீர் ஒழுகினால் எங்கேயோ ஒரு ஜாயிண்ட் விட்டிருக்கிறது, எனக்குத் தெரிந்த மர்மம் அவ்வளவுதான்.

எங்கள் வீடு பரளச்சிப் பக்கம். மகள் ஷமீமாவின் நிக்காஹ் நெருங்கிய வாரம், புதுச் சுண்ணாம்பு அடித்த அடுப்படிச் சுவரில் தோசை அகலத்துக்கு ஈரம். மல்லாங்கிணற்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், பெண்ணின் அப்பன் பைப் பிட்டர், அவன் வீடே ஒழுகுகிறது என்றால் மானம் போகாதா? வால்வை அடைத்தேன், மாடித் தொட்டியைக் காலி செய்தேன், மோட்டாரைத் தொடவே விடவில்லை. தோசையாக இருந்த ஈரம் சுளகு அளவுக்கு வளர்ந்ததுதான் மிச்சம். என் மனைவி மும்தாஜுக்கு ஒரே கொண்டாட்டம். "அரபு நாட்டுக்கே பைப்பு மாட்டுன ஆளு, அடுப்படியில தோத்துட்டாக" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் ஷமீமா சுவரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"அத்தா, இது நல்ல தண்ணி."

எங்கள் ஊரில் போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். வீட்டுப் பைப்பில் ஓடுவதும் அதுதான். குடிக்கிற நல்ல தண்ணீர் லாரியில் வந்தால்தான் உண்டு. உப்புத் தண்ணீர் கசிந்தால் காய்ந்த ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூக்கும். இந்தச் சுவரில் ஒரு பொட்டு உப்புப் பூக்கவில்லை, எனக்கு அது கண்ணிலேயே படவில்லை.

அன்று மதியம் லாரி அருப்புக்கோட்டை ரோட்டில் படுத்துவிட்டது, லோடு வராது என்று போன் வந்தது. உப்புத் தண்ணீரில் பிரியாணி போட்டால் அரிசி கெட்டுவிடும், நான் அடுப்பே பற்றவைக்க மாட்டேன் என்று சமையல்காரப் பண்டாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கூப்பிட்ட இடமெல்லாம் கையை விரித்தார்கள். மகள் கல்யாணத்தில் சோறில்லாமல் ஜனத்தைத் திருப்பி அனுப்புவதா? அந்தக் கோபத்தில் உளியை எடுத்துச் சுவரை உடைத்தேன்.

உள்ளே பைப்பே இல்லை. செங்கல் இடுக்கிலிருந்து நூலாகத் தண்ணீர் இறங்கியது, நான் பார்க்கப் பார்க்க நூல் கயிறானது. நம்பினால் நம்புங்கள், மும்தாஜ் வைத்த குடம் நிறைந்தது, அடுத்ததும் நிறைந்தது, அக்கம்பக்கத்துப் பெண்கள் கேலியும் சிரிப்புமாகக் கைமாற்றிக் கைமாற்றி அண்டாக்களை நிரப்பினார்கள். பண்டாரி ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

மறுநாள் பிரியாணி உதிரி உதிரியாக வந்தது. எந்த ஊர்த் தண்ணீர் என்று சம்பந்தி கேட்டார், நான் சிரித்து மழுப்பினேன். கடைசிப் பந்தி கை கழுவி எழுந்தது, ஷமீமா அழுதுகொண்டே காரில் ஏறினாள், உள்ளே போனால் சுவரில் தண்ணீர் வருவது நின்றிருந்தது. இடுக்கில் கையை விட்டேன். காய்ந்த செம்மண் தூள்தான் விரலில் வந்தது.

சில மாதம் கழித்து ஷமீமா போன் செய்தாள்.

"அத்தா, எங்க அடுப்படிச் சுவரு நேத்துலருந்து ஈரமா இருக்கு. நாக்குல வச்சுப் பாத்தேன், இனிக்குது."

அந்த வீட்டிலும் யாருக்காவது கல்யாணம் காட்சியோ என்று நினைத்த மும்தாஜ், போனைப் பிடுங்கி, "ஏன்டி, அங்க விசேஷம் ஏதும் இருக்கா?" என்றாள்.

ஷமீமா சிரிக்கிறாள், அழுகிறாள். உண்டாகியிருப்பது அன்று காலையில்தான் தனக்கே தெரியுமாம், புருஷனிடம்கூட இன்னும் சொல்லவில்லையாம், உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்கிறாள்.

வீடு முழுக்கச் சந்தோஷம், நானும் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தேன். ஆனால் அவளுக்குத் தெரிந்தது அன்று காலையில். சுவர் நனைந்தது அதற்கு முந்தின நாள்.