மீன்காரி காப்பாற்றிய மீன்கள்

போர்க்காலத் தடையால் சீமெந்து கிடைக்காத காலம். தர்மபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சுண்ணாம்புச் சாந்து பூசி ஒரு சிறு குளம் கட்டினேன். கறிக்கென்று அதில் விட்ட, ஜப்பான் மீன் எனப்படும் திலாப்பியாக் குஞ்சுகள் மூன்றாம் நாளே செத்து மிதந்தன.

முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, பனையோலைக் கடகத்தில் வீடு வீடாக மீன் விற்ற ஒரு பெண்மணி எதையும் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் நம்புவார். குளத்துத் தண்ணீரையும் விரலால் தொட்டுச் சுவைத்தார்.

"மாஸ்ரர், என்னட்ட மீன் வாங்காமல் விடத்தானே இந்தக் குளம்?"

நான் சிரித்தபடி ஆமென்று தலையாட்டினேன்.

"தண்ணி முழுக்கச் சுண்ணாம்பு. நாலுதரம் மாத்திப்போட்டுக் குஞ்சு விடுங்கோ."

அப்படியே செய்தேன். அடுத்த குஞ்சுகள் பிழைத்து உள்ளங்கையளவு வளர்ந்தன. ஒன்றைப் பிடித்துச் சட்டியில் போட்டு, வெட்டித் தரும்படி அவரிடம் நீட்டினேன்.

"நான் காப்பாத்தினதை நானே வெட்டுறதோ?"

அதைத் திரும்பக் குளத்தில் விட்டுவிட்டு, கடகத்திலிருந்து இரண்டு மீன்களை எடுத்து என் சட்டியில் போட்டு விலையும் சொன்னார். இரக்கமா, வியாபாரமா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.