ஒற்றைப் பெண்பூ

தரகரம்மா என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள். மனிதர்களுக்கு வரன் பார்ப்பவள் இல்லை. பூசணிப் பூக்களுக்குக் கல்யாணம் செய்துவைப்பவள். விடியும்போதே மெல்லிய தூரிகையோடு தோட்டத்தில் இறங்கி, ஆண்பூவின் மகரந்தத்தைத் தொட்டுப் பெண்பூவில் வைப்பாள். முன்பெல்லாம் இதைத் தேனீக்கள் கூலி கேட்காமல் செய்தன. மழை பொய்த்து வாய்க்கால் வற்றியது. கரையோரப் பூச்செடிகள் கருகின. தின்ன ஒன்றுமில்லாமல் தேனீக்களும் மூட்டை கட்டிவிட்டன.

இந்த முறை அவள் விதைத்தது செத்துப்போன கணவனின் விதை. ஒவ்வோர் அறுவடையிலும் நல்ல காயாய்ப் பார்த்து அவன் சேர்த்த ரகம். அதில் காய்த்த ஒரு பூசணியைத் தூக்க நாலு பேர் போனார்களாம், களைத்துப்போய் வழியில் அதன் மேலேயே உட்கார்ந்து இளைப்பாறினார்களாம். யாராவது எட்டுப் பேர் என்று சொன்னாலும் அவள் மறுக்கமாட்டாள். டப்பாவில் மிச்சமிருந்ததை ஒன்றுவிடாமல் ஊன்றிவிட்டாள். ஒரு காயாவது விளைந்தால்தான் இனி விதை.

அனலில் கொடி முழுக்க ஆண்பூவாகவே பூத்தது.

"என்ன அண்ணி, வீடு நிறைய மாப்பிள்ளை, பொண்ணத்தான் காணோம்?" வேலிக்கு அப்பாலிருந்து நாத்தனார் சீண்டினாள்.

"உன் பொறந்த வீட்டு ஆம்பளைங்க மாதிரிதான். கூட்டம் இருக்கு, பிரயோஜனம் இல்ல."

ஒருநாள் ஒற்றைப் பெண்பூ மலர்ந்தது. ஓடிப்போய் ஆண்பூக்களைத் தொட்டாள்; மகரந்தம் வறண்டுகிடந்தது. நாத்தனார் தன் கொடியிலிருந்து ஒரு பூவைப் பறித்து வந்தாள். கடையில் வாங்கிய விதையின் கொடி, வெயிலுக்கு அசையாதது.

"இத வைங்க அண்ணி. காய் நிச்சயம்."

"காய் பிடிக்கும். விதை உன் அண்ணனோடதா இருக்காதே."

"வீம்பு பிடிக்காதீங்க. வெயில் ஏறினா பூ மூடிக்கும்."

அவள் தன் ஆண்பூக்களையே ஒவ்வொன்றாகப் பறித்துத் தேய்த்தாள். நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே குடையை எடுத்து வந்து பூவுக்கு மேல் பிடித்தாள்.

பிஞ்சு எலுமிச்சையளவு வந்தது. இரண்டு பேரும் முறைவைத்துக் குடை பிடித்தார்கள். அதற்குமேல் அது வளரவில்லை. காம்பு மஞ்சளாகி, ஒரு காலையில் மண்ணில் விழுந்துகிடந்தது.

தரகரம்மா அதை நகத்தால் கீறிப் பிளந்தாள். உள்ளே ஒரு விதைகூட இல்லை, வெறும் வெள்ளை.

"நீ கொடுத்த பூவ வச்சிருந்தா," என்றாள் மெதுவாக, "பாதியாவது அவரு இருந்திருப்பாரு."

நாத்தனார் காயில்லாத கொடிக்கு மேல் பிடித்த குடையை மடக்கத் தோன்றாமல் நின்றாள்.