மால்டாவின் வெயிலும் அம்மாவின் மூச்சும்

மால்டா என்று யார் வாயைத் திறந்தாலும் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தத் தீவு என்னை ஒன்றும் செய்யவில்லை. செய்ததெல்லாம் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன். என்னைவிட ஐந்து வயது மூத்தவன்.

போன கோடையில் ரங்கூனில், லான்மடா பேட்டையில் இருக்கும் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கு விருந்தாளியாக வந்தான். கரண்டு போயிருந்த மத்தியானம். சாப்பிட்ட கை காய்வதற்குள் மால்டா போய்வந்த வீடியோவைக் காட்டப் போனை டிவியில் மாட்டி, பேட்டரியைப் போடச் சொன்னான். ஆஸ்துமாக்காரி அம்மாவின் மூச்சு மெஷினுக்காகக் காப்பாற்றி வைத்திருந்த பேட்டரி அது. கரண்டு சாயங்காலம்தான் வரும். நான் மறுப்பதற்குள் அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

அடுத்தவர் மனம் கோணக்கூடாது என்று தன் கஷ்டத்தை விழுங்குவதை இங்கே பர்மியர்கள் ‘ஆனாடே’ என்பார்கள். அம்மா அதிலேயே ஊறியவள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல்.

“தண்ணி நீலத்தப் பாருங்க பெரியம்மா. அடி மணல் வரைக்கும் தெரியும்.”

கண் வரைந்த படகுகள், கடல் குகை, தேன் நிறக் கோட்டை, எண்ணெய் பூசிக்கொண்டு மணலில் மல்லாந்து கிடக்கும் வெள்ளைக்காரர்கள். வெயிலுக்குப் பயந்து தனக்கா மரப்பட்டைக் குழம்பைப் பூசி ஜன்னலை அடைத்துக் கிடக்கிற எங்களிடம், வெயிலைத் தேடிப் பறந்து போன பெருமையை இரண்டு மணி நேரம் அளந்தான். அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். அவள் தோள்கள் ஏறி இறங்கத் தொடங்கியது எனக்கு மட்டும் தெரிந்தது.

ஒரு தேவாலயக் கூரையோடு டிவி அணைந்தது. அம்மாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. மெஷினை மாட்டினேன். அது அசையவில்லை.

“பெரியம்மாவ ஒரு தடவ அங்க கூட்டிட்டுப் போகணும். அந்தக் காத்துக்கு இதெல்லாம் பறந்துரும்,” என்றான்.

அண்ணன் முறை என்றும் பார்க்கவில்லை. “நீயும் உன் தீவும் நாசமாப் போங்க. இவ்வளவு நேரம் நீ ஓட்டிப் பார்த்தது எங்கம்மா மூச்சுடா,” என்றேன்.

இருவருமாக அம்மாவைக் கீழே இறக்கி, ஜெனரேட்டர் ஓடும் கிளினிக்கில் சேர்த்தோம். மாஸ்க் போட்ட கொஞ்ச நேரத்தில் அம்மா அதைக் கழற்றிவிட்டாள். தண்ணீர் கேட்கிறாளோ என்று குனிந்தேன்.

“பிள்ள மனசு... நொந்திருக்கும். மன்னிப்புக் கேளு.”

“முதல்ல மாட்டும்மா.”

“நீ முதல்ல கேளு.”

மாஸ்கைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, மூச்சுக்குத் தவித்தபடி என்னையே பார்த்தாள். கதவோரம் நின்றவனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகுதான் மாட்டிக்கொண்டாள்.